ஜனவரியில் நாங்கள், ஜூனில் கச்சத்தீவு

2024 ஏப்ரல் மாசம். தென்காசித் தொகுதியில் ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும். சுந்தரபாண்டியத்தில் ஒரு டீக்கடை. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் அதை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "நம்ம மண்ண இப்பிடித் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்காங்களே, எவனாவது நம்மளக் கேட்டானாப்பா?"

கச்சத்தீவுப் பேச்சு. மார்ச் 31-ஆம் தேதி பிரதமர் கிளப்பிவிட்டிருந்தார். பதிலுக்கு எல்லாக் கட்சி மேடையிலும் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. யார் கொடுத்தது, யாருக்குத் தெரிந்து கொடுத்தது, யார் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தது என்று. நான் டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். பேசாமல் வந்தது தப்பு. அந்தத் தப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

285 ஏக்கர் கச்சத்தீவு ஒப்பந்தத்தில் 1974 ஜூனில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும். அதே இரண்டு பேர் அதே வருஷம் ஜனவரியில் இன்னொரு ஒப்பந்தம் முடித்திருந்தார்கள். அதில் பங்கு போட்டது மனுஷர்களை. 1,50,000 பேர். உனக்கு 75,000, எனக்கு 75,000. சந்தையில் ஆட்டுக்குட்டி பிரிக்கிறவன்கூடக் குட்டி தாயோடு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பான். இவர்கள் அதையும் பார்க்கவில்லை.

ஜூன் மாசத்து ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருஷமாக ஒப்பாரி வைக்கிற தமிழ்நாடு, ஜனவரி மாசத்து ஒப்பந்தத்தை எந்த மேடையில் பேசியது? எந்தத் தேர்தல் அறிக்கையில் எழுதியது? ஏன் இல்லை? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ஜனவரியில் பங்கு போடப்பட்டவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். மண் போனால் மானம் போகும். சேரிச் சனம் போனால் என்ன போகும்?

*

எங்க தாத்தாவுக்குச் சித்தப்பா ஒருத்தர், 1920-களில் கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குப் போனவர். ஏன் போனார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. நிலம் இல்லாதவன், பண்ணையில் பட்ட கடன் தீராதவன், மழை பொய்த்த வருஷத்தில் கஞ்சிக்கு வழி இல்லாதவன் எங்கே போவான்? சம்பாதித்து வருகிறேன் என்றுதான் போனார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகி, கடன் துண்டாகி, அந்தத் துண்டுச்சீட்டு இல்லாமல் தோட்டம் விட்டுத் தோட்டம் போக முடியாது என்றாகி, லயத்திலேயே பிள்ளை பெற்று, தேயிலைச் செடிக்கு உரமாகிப் போனார்கள். மண்டபத்தில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று அடைத்து வைத்துப் பார்த்து, அப்புறம்தான் கப்பலேற்றுவார்கள். அந்த மண்டபம் முகாமை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையில் அது திரும்பத் திரும்ப வரும்.

அந்தச் சித்தப்பாவின் மகள் கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். உறவுமுறைப்படி எனக்குப் பாட்டி. 'கண்டிப் பாட்டி' என்று கூப்பிடுவோம். 1973-இல் வீட்டுக்காரரோடும் இரண்டு ஆண் பிள்ளைகளோடும் ஊருக்கு வந்தார். மூத்த மகள் வரவில்லை. அவள் கட்டிக்கொண்டு போன இடத்தில் சிலோன் பிரஜா உரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். தாய்க்கு இந்தியா, மகளுக்கு இலங்கை.

"எங்க மலைக்காட்டுல இருந்து தலைமன்னாருக்கு வர்ற கோச்சிக்குப் பேரே அழுகைக் கோச்சிதான் சாமி," என்று பாட்டி சொல்லும். "ஸ்டேசன்ல ஏறுறவுக ஒரு பக்கம் அழுக, நிக்கிறவுக ஒரு பக்கம் அழுக. எம்மக சன்னல்ல கையப் பிடிச்சவ விடவே இல்ல. கோச்சி நகந்த பெறகுதான் விட்டா."

பாட்டி யாரிடமும் இந்தியாவைக் கேட்கவில்லை. பிறகு எப்படி இந்தியா வந்து சேர்ந்தது?

*

1948-இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷமே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. அப்பனோ தாத்தனோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது அத்தாட்சி? 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் ஓட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்திருந்தது. மற்றத் தொகுதிகளிலும் அந்த ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. கூலி ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு ஆள் அனுப்பினால் முதலாளிக்குப் பொறுக்குமா? 1949-இல் ஓட்டும் பறிபோனது. அந்த வருஷத்து இந்திய-பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்துக்கு யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் மந்திரியாக இருந்து ஆதரவு கொடுத்தார். செல்வநாயகம் எதிர்த்து வெளியேறித் தனிக் கட்சி கண்டார் என்பதையும் சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் மலையகத்து ஆளைத் 'தோட்டக்காட்டான்' என்று யாழ்ப்பாணத்து வெள்ளாளன் சொன்ன வார்த்தைக்கும், சிங்களவன் சொன்ன 'கள்ளத்தோணி'க்கும் எங்க பாட்டி பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

நேரு இருந்தவரைக்கும் ஒரு நிலைப்பாடு இருந்தது. பரம்பரையாக அங்கேயே உழைத்தவர்கள் அந்த நாட்டின் பொறுப்பு, மொத்தமாகத் தூக்கி அனுப்புவதை ஏற்க முடியாது என்பது. அந்த நிலைப்பாடு எப்போது தளர்ந்தது என்று பாருங்கள்.

1962-இல் சீனாவிடம் இந்தியா அடி வாங்கியது. அந்த டிசம்பரிலேயே கொழும்பில் ஆறு நாட்டு மாநாடு கூட்டி சமரசம் பேசியவர் சிறிமாவோ. இலங்கைக்கும் சீனாவுக்கும் 1952-லிருந்தே ரப்பருக்கு அரிசி என்று கொடுக்கல் வாங்கல் இருந்தது. 1964 பிப்ரவரியில் சீனப் பிரதமர் சூ என்லாய் கொழும்புக்கே வந்துபோனார். வடக்கே தோற்ற இந்தியாவுக்குத் தெற்கே ஒரு சிநேகிதம் வேண்டியிருந்தது. 1964 மே 27-இல் நேரு செத்தார். ஐந்து மாசம் கழித்து, அக்டோபர் 30-இல் டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர் மொத்தம் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000-ஐப் பிறகு பார்த்துக்கொள்வோம். அந்த மிச்சம்தான் 1974 ஜனவரியில் பாதி பாதியானது.

அந்தச் சனத்தில் ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்டார்களா? தொண்டமான் முதலான தொழிற்சங்கத் தலைவர்களைக் கூடக் கலக்கவில்லை. சனம் தன் விருப்பத்தை மனுவில் சொன்னது. இலங்கை ஒதுக்கிய 3,00,000 இடத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மனு விழுந்தது. இந்தியாவுக்கு வருகிறேன் என்றவர்கள் 5,25,000-க்கு வெகு கீழே. தாயகம், தாயகம் என்கிறீர்களே, தாயகம் எது என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யார் படித்தது? ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு அங்கே பிரஜா உரிமை என்று விகிதம் வைத்துச் சட்டம் நடந்தது. எங்க பாட்டி அந்த ஏழில் ஒன்று. அதனால் அவர் மகள் நாலில் ஒன்றாக நிற்க முடிந்தது என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

1974-க்கும் இதே கணக்குத்தான். 1971 வங்காளதேசப் போரின்போது பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போயின. டில்லிக்கு அது உறுத்தியது. 1974 மே 18-இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிறகு அக்கம்பக்கத்து நாடுகளின் முறைப்பும் கூடியது. கொழும்பைக் கைக்குள் வைத்துக்கொள்ள ஜனவரியில் ஆள், ஜூனில் தீவு. 1987 ராஜீவ்-ஜெயவர்த்தனா ஒப்பந்தத்தோடு சேர்ந்த கடிதங்களை எடுத்துப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு ஆகாதவனுக்குக் கொடுக்காதே, அந்நிய ரேடியோவுக்கு இடம் கொடுக்காதே என்று இருக்கும். 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனாக்காரன் கைக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங்-5 கப்பல் அங்கே வந்து நின்றபோது இங்கே டி.வி.க்காரர்களுக்குத் தூக்கம் போனது. வல்லரசுக்கும் வல்லரசுக்கும் போட்டி என்றால் நடுவில் காய் வேண்டும். துறைமுகம் காய், தீவு காய், கூலிச்சனமும் காய். துறைமுகத்துக்காவது குத்தகைப் பணம் உண்டு.

*

சரி, வந்து சேர்ந்தவர்களை தேசம் எப்படி வரவேற்றது?

ராமேஸ்வரத்தில் இறங்கி, மறுபடி அதே மண்டபம் முகாம். தாத்தா போன வழியிலேயே பேத்தி திரும்பினாள். அரசாங்கப் பாஷையில் 'தாயகம் திரும்பியோர்'. ஊர்ப் பாஷையில் 'சிலோன்காரங்க'. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு ஒரு பகுதிக்கு வேலை கொடுத்தது. சிலருக்கு நூற்பாலை. ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்த பெண்ணின் கையில் வியாபாரக் கடன்! எங்க பாட்டி என்ன வியாபாரம் செய்யும்? பணம் புரோக்கர் கைக்கும் சாப்பாட்டுக்கும் போனது. கடன் மட்டும் பேரில் நின்றது. நிறையப் பேர் மறுபடி மலையேறினார்கள். கொடைக்கானல் மலையில் சவுக்கு வெட்டவும் பட்டை உரிக்கவும் கொத்தடிமைகளாகப் போனார்கள். அப்படிப் போனவர்கள் குடியிருந்த குண்டுப்பட்டியில்தான் 1998 பிப்ரவரி 26-இல் போலீஸ் புகுந்து அடித்தது. தண்ணீர், ரோடு என்று கேட்டு, கிடைக்காமல், தேர்தலைப் புறக்கணித்தார்கள். அதுதான் குற்றம். 1999-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஊர்ப் பெண்கள் பட்டது பதிவாகியிருக்கிறது. ஓட்டுரிமை பறிபோன சனம், முப்பது வருஷம் நாடற்று அலைந்த சனம், கடைசியில் ஓட்டு கிடைத்து, அதைப் போடமாட்டேன் என்றதற்கு அடிபட்டது.

சுந்தரபாண்டியத்துக்கு வந்த எங்க பாட்டிக்கு நடந்தது சின்ன விஷயம். வந்த மறுவாரம் ஒரு டீக்கடையில் போய் டீ கேட்டிருக்கிறது. கொட்டாங்கச்சி மாதிரி ஒரு தனி டம்ளரை, மரத்தில் தொங்கியதை எடுத்து, நீயே கழுவிக்கொண்டு வா என்றிருக்கிறார்கள். "லயத்துல சாதி இல்லைன்னு சொல்லமாட்டேன் சாமி. கங்காணி வீட்டுக்குள்ள நாங்க போகமுடியாது. ஆனா கடையில காசு குடுத்தா எல்லாருக்கும் ஒரே கோப்பைதான். அங்க இந்தியாக்காரின்னு வெரட்டுனாங்க. இந்தியா வந்து எறங்குனா பறச்சிங்கிறாங்க." பாட்டி பேசியதை இத்தனை வருஷம் கழித்தும் வார்த்தை மாறாமல் என்னால் சொல்ல முடிகிறது.

1931-இல் காந்தியைப் பார்த்து எனக்குத் தாய்நாடு இல்லை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னதை நாம் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துச் சொல்கிறோம். பாட்டி அந்தக் கூட்டத்துக்கெல்லாம் வந்ததில்லை. அவருக்கு இரண்டு நாடு இருந்தது, இரண்டிலும் தாய்நாடு இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு நம் மாவட்டத்துக் கதையே ஒன்று இருக்கிறது. 1997-இல் விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தார்கள். யார் அவர்? கட்டபொம்மனின் தளபதி. வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவர். தேசபக்தி என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதில் நூற்றுக்கு நூறு வாங்கியவர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. உயிர்கள் போயின. ஜூலையில் அரசாங்கம் என்ன செய்தது? ஒரு பேரை வைக்கத் தைரியம் இல்லாமல், எல்லாத் தலைவர் பேரையும் எல்லாக் கழகத்திலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. தேசத்துக்காகச் செத்தாலும் பஸ்ஸில் பேர் நிற்காது. அப்புறம் எங்களைப் பார்த்து தேசம் பறிபோகிறது, 285 ஏக்கர் போகிறது என்று கூப்பாடு போட்டால், எந்தக் காதில் வாங்கிக்கொள்வது?

*

கச்சத்தீவைப் பேசக்கூடாதா, மீனவன் சாகவில்லையா என்று தோழர்கள் கேட்பார்கள். சாகிறான். சுடப்பட்டான், சிறைக்குப் போகிறான், படகு பறிபோகிறது. அந்த அழுகை நியாயமான அழுகை. மீனவனின் அந்த அழுகையை எடுத்துத் தன் ஓட்டுக்கு ஊறுகாய் போடுகிறவனைத்தான் கேட்கிறேன்: தீவு கொடுத்தவன் துரோகி என்றால், ஆள் எண்ணிப் பிரித்தவன் யார்? அன்றைக்குக் கச்சத்தீவுக்குப் பாத்தியம் கொண்டாடிய ஜமீன் இருந்ததும் இராமநாதபுரம் மாவட்டம். சுந்தரபாண்டியம் இருந்ததும் அதே இராமநாதபுரம் மாவட்டம். தீவின் பட்டா, தாஸ்தாவேஜு, வரைபடம் எல்லாம் தேடி எடுக்கிறீர்கள். அந்த மாவட்டத்திலிருந்து போன கூலிகளின் கணக்கைத் தேடி எடுத்தவர் எத்தனை பேர்?

தமிழ்த் தேசியம் பேசுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஈழம் என்றால் எல்லாம் பேசுவீர்கள். மலையகம் என்றால் ஒரு அடிக்குறிப்பு. தொப்புள்கொடி உறவு என்று முழங்குகிறீர்களே, தொப்புள்கொடி நேராக நம்மூர்ச் சேரிக்கு வருகிற உறவு அந்த மலைக்காட்டில்தான் இருந்தது. அதை ஏன் கண்டுகொள்ளவில்லை? தலித் இயக்கங்களாகிய நாம் மட்டும் என்ன கிழித்தோம்? பஞ்சமி நிலத்தைப் பேசினோம், சரி. லட்சக்கணக்கில் நம் சனத்தை நாடுகடத்தித் திரும்ப நாடுகடத்திய கதையை நாமே எத்தனை பக்கம் எழுதினோம்?

*

இன்னும் கதை முடியவில்லை. பாட்டியின் மூத்த மகள், சன்னலில் கையைப் பிடித்தவள், 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடினாள். 1990-இல் குண்டுக்குத் தப்பிப் படகேறினாள். எங்கே இறக்கினார்கள்? மண்டபம் முகாம். பதினேழு வருஷம் முன்னால் அதே முகாமில் அவள் அம்மாவுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பேர். மகளுக்கு 'அகதி' என்று பேர். ஒரே வயிறு, ஒரே ஊர், ஒரே முகாம். நம் மாவட்டத்திலேயே ஒரு முகாமில் போட்டார்கள். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டைத் தவிர வேறு மண்ணை மிதித்ததில்லை. ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் வைத்திருக்கும் பேர் 'சட்டவிரோதக் குடியேறி'. 2021-இல் முகாம் பலகையில் 'அகதிகள்' என்பதை எடுத்து 'மறுவாழ்வு' என்று எழுதினார்கள். பலகை நல்லாத்தான் இருக்கு. குடியுரிமை?

2019 ஜூன் 17-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, முகாம்களில் இருக்கும் இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான். இலங்கை இல்லை. அண்டை நாட்டில் அடிபட்ட இந்துவைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற எங்க அத்தை இந்து இல்லையாம். அந்தச் சட்டத்துக்கு விதி போட்டு அறிவித்தது 2024 மார்ச் 11. கச்சத்தீவுக்குக் கண்ணீர் விட்டது 2024 மார்ச் 31. நடுவில் இருபது நாள். 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை.

இலங்கையைப் பேரினவாத நாடு என்று திட்டுகிறோம், திட்ட வேண்டும். ஆனால் அந்த இலங்கைகூட 2003-இல் சட்டம் போட்டு மிச்சமிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்து முடித்துவிட்டது. 'தாய்நாடு' இன்னும் முடிக்கவில்லை.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 1964, 1974 ஒப்பந்தங்களில் எண்ணிப் பிரிக்கப்பட்ட குடும்பங்களில் பிறந்து இன்றைக்கு முகாமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி இல்லாமல் குடியுரிமை கொடு. ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட நாடு, வாங்கியது அதைவிடக் குறைவு. கணக்குப்படியே இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியைக் கொடு.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சேரிகளில் 'கண்டி வீடு', 'சிலோன்காரர் வீடு' என்று ஒரு வீடாவது இருக்கும். அந்த வீடுகளில் பெரியவர்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம். போய் உட்கார்ந்து கேளுங்கள், எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கோச்சி, யாரை விட்டு வந்தார்கள், யார் வந்தபோது முகாமில் பார்த்தார்கள். கச்சத்தீவுக்குத் தாஸ்தாவேஜு இருக்கிறது. நம் சனத்துக்கு இதுதான் தாஸ்தாவேஜு.

எங்க பாட்டி 2004-இல் செத்தது. டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய இந்திய பாஸ்போர்ட் இருந்தது. ஒரே ஒரு தடவைதான் முத்திரை விழுந்திருக்கிறது. சாவுக்கு வந்த மகள், முகாமில் சொல்லிவிட்டு வந்தவள், பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். காரியத்துக்கு இருக்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கும் கச்சத்தீவு வரும். அந்த டீக்கடைக்கு நானும் போவேன். எவனாவது நம்மளக் கேட்டானா என்று அவர் கேட்டால், இந்தத் தடவை பேசாமல் வரமாட்டேன். ஜனவரியில் எங்களைக் கேட்டார்களா என்று கேட்பேன். நீங்களும் உங்க ஊர்க் கடையில் கேளுங்கள்.